கணக்கு இடம்பெயரும்போது தமிழும் இடம்பெயர்கிறதா?



இவ்வரிசையில் உரையாற்ற அழைப்பு வந்தபோது, நாம் ஒலியனியல் பற்றியோ வட்டார வழக்குகள் பற்றியோ பேசுவோம் என்று அன்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அலுவலகத்தில் பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதிய கணினியை வைக்கும் நாளைப் பற்றிப் பேச விரும்புகிறோம் என்று தெரிவித்தோம். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "அது தொழில்நுட்பப் பிரிவினரின் வேலையல்லவா, ஐயா?" என்னும் வினா பின்னர் வந்தது. அவ்வினாவிற்கு நாம் அளிக்க முயலும் விடையே இவ்வுரை.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் நிறுவ இயலாதது. ஆகவே, உலகெங்கும் அலுவலகங்களும் பள்ளிகளும் தம் பணியாளர்களைப் புதிய கணினிகளுக்கு மாற்றிவருகின்றன. இதற்கு முன்னும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கும், 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கும் ஆதரவு நின்றபோது இதே பரபரப்பைக் கண்டோம். இனியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நிகழும்.

ஒவ்வொரு முறையும் மின்னஞ்சல் வருகிறது, அச்சுப்பொறி வருகிறது, கோப்புகள் வருகின்றன. தமிழ் வருகிறதா என்று எவரும் கேட்பதில்லை. ஓர் அலுவலரின் கணக்கு புதிய கணினிக்குச் செல்லும்போது அவருடைய தமிழ் முழுவதும் தானாகச் சென்றுவிடுவதில்லை. அதனை எண்ணி, பெயரிட்டு, எடுத்துச் சொல்பவர் ஒருவர் வேண்டும். அப்பொறுப்பு தமிழறிந்த நம்முடையது. இதுவே நாம் இன்று நிறுவ விரும்பும் கருத்து.

1. பெயர்தலும் பெயர்த்தலும்

மொழியியல் மாணவர்கள் சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. 'பெயர்' என்னும் வினையடி இருவகையாக நடக்கும். 'பெயர்ந்தான்' என்றால் அவனே நகர்ந்தான். 'பெயர்த்தான்' என்றால் வேறொன்றை அவன் நகர்த்தினான். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. 'இடப்பெயர்வு' என்றும் 'இடப்பெயர்ப்பு' என்றும் நாம் ஆக்கிக்கொள்ளும் தொழிற்பெயர்களில் இவ்வேறுபாடு தெளிவாக நிற்கிறது. பறவை இடம்பெயர்கிறது, அதற்கு இறக்கை உண்டு. கோப்பிற்கு இறக்கை இல்லை. அதனை ஒருவர் இடம்பெயர்க்கிறார். எதைப் பெயர்ப்பது, எதை விட்டுவிடுவது என்னும் முடிவும் அவருடையதே.

'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லிலும் இதே வினையடிதான் உள்ளது. வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்த்தலைத் தொல்காப்பியம் குறிப்பிடுவதை மாணவர்கள் அறிவர். மொழிபெயர்ப்பாளர் மூலத்தை அறிந்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். கணினி பெயர்ப்பவர் பெயர்க்கப்படும் பொருளை அறிந்திருக்க வேண்டும் என்று மட்டும் ஏனோ எதிர்பார்ப்பதில்லை.

'கணக்கு' என்னும் சொல்லையும் நோக்குவோம். பள்ளியில் அது ஒரு பாடம். கடையில் பற்றும் வரவும். இன்று கணினியில் ஒருவரை இன்னார் என்று அறிந்து உள்ளே விடும் அடையாளத்திற்கும் அதுவே பெயர். இம்மூன்றாம் பொருளில் கணக்கு என்பது பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமன்று. அலுவலர் ஆண்டுக்கணக்கில் செய்துகொண்ட சிறுசிறு தேர்வுகள் யாவும் அதன்கீழ்த் திரள்கின்றன. எந்த விசைப்பலகை, எந்த எழுத்துரு, நாளையும் எண்ணையும் எழுதும் முறை எது, எச்சொல் பிழையன்று என்று கணினிக்குக் கற்பித்தோம் என்பனவெல்லாம் அதில் அடங்கும். 'அமைப்புகள்' என்று நாம் இன்று வழங்குவது இவற்றையே.

2. எது செல்கிறது, எது நிற்கிறது

ஓர் அலுவலருடைய தமிழ் கணினியில் மூன்று இடங்களில் வாழ்கிறது. முதலாவது இயந்திரம்: அதில் நிறுவப்பட்ட விசைப்பலகை மென்பொருளும் எழுத்துருக்களும் இவ்வகை. இரண்டாவது கணக்கு: மேலே கூறிய தேர்வுகள் இவ்வகை. மூன்றாவது கோப்பு: எழுதிவைத்த பாடங்களும் கடிதங்களும் இவ்வகை. இடப்பெயர்ப்பின்போது மூன்றாவதனைப் பெரும்பாலும் எடுத்துச் செல்கின்றனர். இரண்டாவதனைப் பாதி எடுத்துச் செல்கின்றனர். முதலாவது பழைய கணினியோடு போய்விடுகிறது.

பெரிய அலுவலகங்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஒரு கருவியைத் தந்துள்ளது. அது பழைய கணினியில் பயனரின் கணக்கையும் கோப்புகளையும் அமைப்புகளையும் திரட்டி, புதிய கணினியில் மீண்டும் பரப்பும். பயனுள்ள கருவிதான். ஆயினும் அது மென்பொருள்களை எடுத்துச் செல்லாது. அவற்றைப் புதிதாக நிறுவ வேண்டும். முரசு அஞ்சல் போன்ற தமிழ் மென்பொருளைக் கொண்டு தட்டெழுதிய ஒருவர், புதிய கணினியில் அதை நிறுவித் தருமாறு கேட்காவிட்டால் அது இராது. மற்றொரு வரையறையும் உண்டு. பழைய கணினியின் இயங்குதள மொழியும் புதிய கணினியின் இயங்குதள மொழியும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று அக்கருவியின் விதி கூறுகிறது. மொழி என்பது இடப்பெயர்ப்பில் ஓர் அடிப்படை நிபந்தனை என்பதைக் கருவியைச் செய்தோர் அறிந்திருந்தனர். அதனைப் பயன்படுத்துவோர் எண்ணிப் பார்ப்பதுதான் அரிதாக உள்ளது.

பல இடங்களில் இக்கருவியும் இல்லை. புதிய கணினியைத் தந்து, "உள்ளே நுழையுங்கள், உங்கள் கோப்புகள் மேகக் கிடங்கிலிருந்து வந்துவிடும்" என்கின்றனர். மேசைத்திரை, ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகள் வருகின்றன. ஆனால், வேர்டு மென்பொருளில் நாம் சேர்த்துவைத்த சொற்களின் பட்டியலும், தானியங்கித் திருத்தத்திற்கென்று அமைத்த சுருக்கங்களும் கணக்கின்கீழ் மறைந்திருக்கும் வேறொரு கோப்புறையில் உள்ளன. அவை தாமே வந்துசேரும் என்று நம்பியிருக்க இயலாது. பத்தாண்டுகள் பாடநூல் எழுதிய ஓர் ஆசிரியர் சேர்த்த கலைச்சொற்கள் சில ஆயிரம் இருக்கலாம். அவ்வளவும் ஒரு சிறு உரைக்கோப்பு. ஒரு நொடியில் படியெடுக்கலாம். எடுக்காவிட்டால், அவர் மீண்டும் முதற்சொல்லிலிருந்து கற்பிக்க வேண்டும்.

எழுத்துருவின் செய்தியும் இத்தகையதே. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றபோது உடன் வந்தது 'லதா' எழுத்துரு. நம் ஆசிரியர்கள் ஒரு தலைமுறைக்காலம் வினாத்தாள்களை அதில்தான் அமைத்தனர். விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' வந்தது. விண்டோஸ் 10இல் 'லதா' விருப்பத் தொகுப்பாக ஒதுக்கப்பட்டது. பழைய வினாத்தாளைப் புதிய கணினியில் திறந்தால் வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் நிற்கிறது, வரிகள் நீள்கின்றன, 4 பக்கத் தாள் 5 பக்கமாகிறது, படம் ஒரு பக்கத்திலும் அதற்குரிய வினா மறுபக்கத்திலும் போய்விடுகின்றன. இதற்குத் தீர்வு எளிது. கணக்கின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் அத்தொகுப்பும் கணினிக்கு வரும்.

தமிழைச் சேர்க்கும்போது எந்த நாட்டுத் தமிழ் என்றும் கணினி கேட்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு உண்டு. பட்டியலில் முன்னிற்பதைத் தேர்ந்துவிட்டு நகர்வது வழக்கம். வட்டார அமைப்பிலும் இந்தியத் தமிழே நின்றுவிட்டால், நூறாயிரம் என்னும் எண் 1,00,000 என்று இலட்ச முறையில் காற்புள்ளி பெறும். வெள்ளிக்கு மாறாக ரூபாய்க் குறி தோன்றும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் அது 100,000 என்றே நிற்கும். நாம் வாழும் நாட்டின் தமிழுக்கு ஒரு தனி இடத்தை உலகத் தரவுத் தொகுப்பினர் தந்திருக்கின்றனர். அதைத் தேர்ந்தெடுக்கவேனும் நாம் அறிந்திருக்க வேண்டாமா?

3. பெயரும் சாய்கோடும்

கணக்கைத் திறக்கும்போது முதலில் கேட்கப்படுவது பெயர். நம் பெயர்முறை அங்கே படும் பாடு தனி ஆய்வுக்குரியது. மேலைநாட்டுப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தருகிறது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயர் உண்டு. படிவத்தை நிரப்புபவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடுகிறார். அன்றுமுதல் ஓர் ஆசிரியைக்கு வரும் கடிதமெல்லாம் அவர் தந்தையை விளிக்கிறது. முகவரிப் பட்டியலிலும் அவர் தந்தையின் முதலெழுத்தின்கீழ்ச் சென்று ஒளிந்துகொள்கிறார்.

இவ்விரு நாடுகளுக்கும் உரிய வேறொரு சிக்கலும் உண்டு. மலேசியாவில் ஏ/எல், ஏ/பி என்றும் சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ என்றும் பெயரின் இடையே எழுதுகிறோம். முன்னவை 'மகன்', 'மகள்' என்னும் பொருளுடைய மலாய்த் தொடர்களின் சுருக்கங்கள். பின்னவை ஆங்கிலத் தொடர்களின் சுருக்கங்கள். இவை பெயரின் பகுதியல்ல. இரு பெயர்களுக்கிடையிலான உறவைச் சொல்லும் இணைப்புகள். விண்டோஸ் கணக்கின் பெயரிலோ சாய்கோடு இடம்பெறக் கூடாது. எனவே, கோடு நீங்கி, 'ஏஎல்' என்றோ 'எஸ்ஓ' என்றோ இரண்டெழுத்துகள் ஒட்டிக்கொண்டு பெயருக்குள் ஒரு பெயராக நுழைந்துவிடுகின்றன. உறவுச்சொல் தன் இலக்கணத்தை இழந்து பெயராகிவிட்டது.

கணக்கின் பெயரைப் பின்னர் மாற்றலாம். ஆனால் அக்கணக்கிற்கென்று முதல்நாளில் உருவான கோப்புறையின் பெயர் அதனோடு மாறுவதில்லை. ஆகவே, இடப்பெயர்ப்பு நாள்தான் திருத்திக்கொள்ள உகந்த நாள். புதிய கணக்கு திறக்கப்படுவதற்கு முன்னரே, "என் பெயர் இவ்வாறு எழுதப்பட வேண்டும்" என்று எழுத்தில் தருவது ஒவ்வொருவரின் உரிமை.

4. பழைய கோப்பின் மொழி

இனி, இவ்வுரையின் நடுப்பொருளுக்கு வருகிறோம்.

யூனிகோடின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழ் அதிலேயே இடம்பெற்றது. எனினும் அலுவலகக் கணினிகள் அதை ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே தமிழர்கள் காத்திருக்கவில்லை. முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்துவந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். 1997இல் இங்கு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டிற்கு அவரே முன்னின்றார். 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியாக்கங்களும் தரமாயின. மின்னஞ்சல் குழுவினர் கூடி 'திஸ்கி'யை உருவாக்கினர். 2000இல் சிங்கப்பூர் மாநாட்டின்போது உத்தமம் அமைப்பு தோன்றியது. தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இவ்வரலாறு பெருமைக்குரியது. அதே வேளையில், ஏறத்தாழ 20 ஆண்டுகள் நாம் எழுதியவை பல்வேறு குறியாக்கங்களில் சிதறிக் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

அக்கால எழுத்துருக்களில் பல செய்தது ஓர் ஏமாற்று வித்தை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்தன. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்று திரையில் காண்பது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு நீங்கிய நொடியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். அக்கோப்பில் 'தமிழ்' என்று தேடினால் கணினி 'இல்லை' என்று விடை தரும். அதன் கணக்கில் அச்சொல் அங்கே எழுதப்படவே இல்லை.

வரிசையிலும் வேறுபாடு உண்டு. 'சொல்' என்பதில் நாம் ஒலிப்பது சகர மெய்யை முதலிலும் உயிரைப் பின்னரும். யூனிகோடு இவ்வொலி வரிசையையே பின்பற்றுகிறது. பாமினியோ கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பின்பற்றுவது: முதலில் கொம்பு, பின்னர்ச் சகரம், பின்னர்க் கால். ஆகவே, குறியாக்க மாற்றி என்பது எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை மட்டுமன்று. அது வரிசையையும் திருப்பியமைக்க வேண்டும். 'கௌ' என்பதில் இடர் இன்னும் மிகுதி. ஔகாரக் குறியின் வலப்பக்கமும் ளகரமும் ஒரே வடிவம். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டிற்கும் ஒரே குறி. எனவே, மாற்றி 'கௌரவம்' என்பதைக் 'கெளரவம்' என்று தருகிறது. முன்னதில் ககரத்தை அடுத்து வருவது ஔகாரக் குறி. பின்னதில் வருவன எகரக் கொம்பும் தனி ளகரமும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தேடலிலும் அகரவரிசையிலும் அவை வெவ்வேறு சொற்கள். மாணவர்களின் கட்டுரைகளில் இப்பிழையை நாம் அடிக்கடி காண்கிறோம். அதன் ஊற்று இங்கேதான் உள்ளது.

இவையெல்லாம் ஏட்டறிவாக நமக்கு முன்னரே தெரியும். தெரிந்திருந்தும் நாமே இழந்தோம் என்பதைச் சொல்லாமல் இவ்வுரையை முடித்தல் நேர்மையாகாது.

1990களில் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சைப் பதிவுசெய்து, குறிப்பெடுத்து, கணினியில் ஏற்றியிருந்தோம். லயம், மங்கு, பெரட்டு முதலான தோட்டச் சொற்களும், அவற்றைச் சொன்னவரின் வாக்கியங்களும், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பொருளும் அவற்றில் இருந்தன. தமிழ் பாமினியில், ஆங்கிலம் வழக்கமான எழுத்துருவில். 2014இல் நாம் பணியாற்றிய நிறுவனம் கணினிகளை மாற்றியது. வந்த இளைஞர் தமிழறியாதவர்; பணிவும் திறமையும் உடையவர். மின்னஞ்சல், அச்சுப்பொறி, கோப்புறைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இறுதியில், "வேறு ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றோம்.

புதிய கணினியில் அக்குறிப்புகளைத் திறந்தபோது அவருக்குப் பொருளற்ற எழுத்துகள் தெரிந்தன. கோப்பு பழுதுற்றது என்று கருதி, இருப்பதையாவது காப்போம் என்னும் நல்லெண்ணத்தோடு யாவற்றையும் வெற்றுரைக் கோப்புகளாகச் சேமித்தார். விதிப்படி பழைய வட்டைத் துடைத்தார். வெற்றுரையில் எழுத்துருச் செய்தி இராது. எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரித்துக் காட்டிய ஒரே சான்று அதுதான். அது போய்விட்டது.

பெரும்பகுதியைப் பிரித்தெடுக்க முடிந்தது. ஜே, கே, பி, ஓ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல் இல்லையென்பதால், அது தமிழ் என்று துணியலாம். ஆனால் எஃப், எல், வை, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று ஒரு குறிப்பு வந்தது. ஆங்கிலமாகப் படித்தால் 'ஈ' அல்லது 'பறத்தல்', அரைப்புள்ளி நிறுத்தக்குறி. பாமினியாகப் படித்தால் 'கடல்'. இரண்டும் குற்றமற்ற படிப்புகள். முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு அக்குறிப்பைத் தீர்த்தோம். தீர்க்க இயலாதவையும் இருந்தன. குறிப்புகளின் ஒரு பகுதி தாளில் அச்சாகியிருந்தது, அது துணையாயிற்று. அச்சாகாத பகுதியில் ஐயத்திற்குரிய சொற்களை வினாக்குறியிட்டு விட்டுவிட்டோம். கேட்டுத் தெளிய எண்ணினால், சொன்ன முதியோருள் பலர் அப்போது உயிரோடில்லை. அவர்கள் வாழ்ந்த தோட்டங்களிலும் சில இன்று வீடமைப்புப் பகுதிகள்.

அவ்விளைஞர்மேல் நாம் குறை காணவில்லை. அவர் கேட்டார், நாம் சொல்லவில்லை. நாற்பது நொடியில் சொல்லியிருக்கலாம்: "இக்கோப்புகள் இன்ன எழுத்துருவில் உள்ளன, அதனையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், வடிவம் மாற்ற வேண்டா." மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், தம் மொழி எந்தக் குறியில் வாழ்கிறது என்பதைத் தம் உடைமைகளின் பட்டியலில் சேர்க்க மறந்தார். அதுவே நிகழ்ந்தது.

5. செய்யத்தக்கவை

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களும் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி அமைகிறோம். இவற்றுள் எதற்கும் பொருட்செலவு இல்லை.

முதலாவது, கணினி மாறும் நாளுக்கு முன்னர் ஒரு தாளில் உங்கள் தமிழ் உடைமைகளை எழுதுங்கள். பயன்படுத்தும் விசைப்பலகை தமிழ்99ஆ, அஞ்சலா, அது இயங்குதளத்தோடு வந்ததா, தனி மென்பொருளா, எழுத்துருக்கள் எவை, சேர்த்த சொற்பட்டியல் எங்கே உள்ளது, சுருக்கங்கள் எவை. விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் இவ்விரு விசைப்பலகைகளும் உள்ளமைந்தே வருகின்றன. ஆயினும் கணக்கில் அவற்றைச் சேர்த்தாலன்றித் தோன்றா.

இரண்டாவது, பழைய கோப்புகளைச் சோதியுங்கள். கோப்பைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் ஒரு தமிழ்ச் சொல்லை யூனிகோடில் தட்டெழுதித் தேடுங்கள். கணினி அச்சொல்லைக் காணாவிட்டால், அக்கோப்பு பழைய குறியாக்கத்தில் உள்ளது என்று கொள்ளலாம். இச்சோதனைக்கு அரை நிமிடம் போதும், மாணவர்களே செய்யலாம்.

மூன்றாவது, மாற்றத்தைப் பழைய கணினி இருக்கும்போதே செய்யுங்கள். எழுத்துருச் செய்தி அழியாத கோப்பிலிருந்து மாற்றுங்கள், மூலக்கோப்பை நீக்காதீர்கள், எழுத்துருவையும் அதனோடு ஒரே கோப்புறையில் வைத்திருங்கள். ஒரு பக்கத்தையேனும் அச்சிட்டோ படமாக்கியோ வைத்தால், பின்னர் ஒப்புநோக்க உதவும். மாற்றியபின் கொக்கு, கோழி, கௌதாரி, ஸ்ரீ, அஃது ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். கொம்பும் காலும் ஔகாரமும் கிரந்தமும் ஆய்தமும் பிழையின்றி வந்திருந்தால் பெரும்பாலும் ஏனையவும் வந்திருக்கும்.

நான்காவது, கோப்புப் பெயர்களைக் கவனியுங்கள். யூனிகோடில் 'தொகுப்பு' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமமானவை என்று தரம் கூறினாலும், எல்லா மென்பொருளும் அவ்வாறு நடத்துவதில்லை. ஆப்பிள் கணினியின் பழைய கோப்பு முறைமை இரண்டாகவே பிரித்துவைக்கும். அங்கிருந்து விண்டோஸுக்கு வந்த கோப்பைத் தேடிக் காணாமல் திகைத்தவர்கள் இவ்வவையிலும் இருக்கலாம். மேலும், லினக்ஸ் வழங்கிகளில் கோப்புப் பெயருக்குப் பொதுவான எல்லை 255 பைட்டு. அங்கு ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு இடம் கொள்வது. ஆங்கிலத்தில் 255 எழுத்து எழுதக்கூடிய இடத்தில் தமிழில் 85 குறிகளே அடங்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாதலால் எழுத்துகள் அதனினும் குறையும். நீண்ட தலைப்பைக் கோப்புப் பெயராக இட்டால் அது படியாகாமல் நின்றுவிடும்.

ஐந்தாவது, பழைய வட்டை உடனே துடைக்க வேண்டா என்று வேண்டுங்கள். குறைந்தது ஒரு தவணைக்காலம் அதை வைத்திருந்தால், தேர்வுக்காலம் ஒன்று அதனூடே கடந்துவிடும். விடுபட்டது எது என்பது தேவைப்படும்போதுதான் தெரியும்.

ஆறாவது, நிறுவனத்தின் இடப்பெயர்ப்புப் படிவத்தில் 'மொழி' என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். தமிழ்த்துறைக்கு மட்டுமன்று, சீன மொழி, மலாய் மொழி ஆசிரியர்களுக்கும் அது பயன்படும். தொழில்நுட்பப் பணியாளர்கள் மறுக்கமாட்டார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு கட்டம் வேண்டும். நிரப்புவதற்கு நாம் வேண்டும்.

அவையோரே, ஓலையிலிருந்து தாளுக்குத் தமிழ் பெயர்க்கப்பட்ட காலத்தில், சுவடியைப் படிக்கத் தெரிந்தவர்களே அப்பணியைச் செய்தனர். அவர்கள் கைக்கு எட்டாத ஏடுகள் அழிந்தன. இன்று பெயர்ப்பு வேலை விரைவானது. ஒரு பிற்பகலில் ஒரு தளத்திலுள்ள கணினிகள் அனைத்தும் மாறிவிடுகின்றன. ஆனால் ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் நிற்க வேண்டும் என்னும் தேவை மாறவில்லை.

உங்கள் பள்ளியில் அடுத்த முறை கணினி மாறும்போது, "வேறு ஏதேனும் உண்டா?" என்று ஒருவர் கேட்பார். "உண்டு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, எழுதிவைத்த தாளை அவர் கையில் கொடுங்கள்.